புளிப்புக்கு ஒரு கணக்கு

பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவியிருந்தால் விடிந்ததும் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். பாளையிலிருந்து சொட்டுவது இரண்டுக்கும் ஒரே சாறுதான். அதிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயமாக்கக் காத்திருக்கும் ஈஸ்ட், சுண்ணாம்பின் காரத்தன்மையில் தலையெடுக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது, பதநீருக்கு இல்லை. மதுவிலக்குச் சட்டத்தின் ஒரு பகுதி கலயத்துக்குள் பூசிய வெள்ளைப் பூச்சை நம்பியே நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இனிப்போ மாவுச்சத்தோ உள்ள எதையும் இந்த வெயிலில் வைத்தால் தானாகப் புளிக்கும். எங்கே நிறுத்துவது, எதைக் கொண்டு தடுப்பது, எப்போது குடித்துத் தீர்ப்பது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. நீராகாரம், நீர்மோர், கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் என்று புளித்த பானங்களில் ஊறிய ஊருக்கு அது புதிதல்ல. கேழ்வரகுக் கூழ் இரண்டு முறை புளிப்பது. மாவைக் கரைத்து இரவு வைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யுடன் காய்ச்சி, காய்ச்சியதை இன்னோர் இரவு வைத்துத்தான் மோர் விட்டுக் கரைப்பார்கள். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றுவதும், சென்னையில் தள்ளுவண்டியில் சொம்பு சொம்பாக விற்பதும் அதுதான்.

இப்போது அந்தக் கைப்பக்குவம் கூரியரில் வருகிறது. சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிச் சமையலறை மேடைகளில் அகலவாய்க் கண்ணாடி ஜாடிகள் உட்கார்ந்துவிட்டன. ஒன்றில் இனிப்பு டீயின் மேல் வழவழப்பான வட்டு மிதக்கிறது. அது கொம்புச்சா, வட்டுக்குப் பெயர் ஸ்கோபி. இன்னொன்றில் பாலுக்குள் காலிஃப்ளவர் உதிர்ந்தது போன்ற மணிகள் கிடக்கின்றன. அது காகசஸ் மலைநாட்டிலிருந்து கிளம்பிய கெஃபிர். வடக்கே ஹோலிப் பண்டிகைக்குச் செய்கிற, கறுப்புக் கேரட்டும் கடுகுப் பொடியும் உப்பும் சேர்த்து வெயிலில் வைக்கும் காஞ்சியும் இங்கே பீட்ரூட்டோடு வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றின் மேலும் ஒட்டிய ஒரே சீட்டு: புரோபயாட்டிக், குடலுக்கு நல்லது.

மக்கள் மறுபடியும் வீட்டில் எதையாவது புளிக்க வைப்பது வரவேற்க வேண்டிய காரியம். கலர் சோடாவுக்குப் பதிலாக ஒரு டம்ளர் காஞ்சி குடிக்கிற வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு விஷயங்கள்தான் இடிக்கின்றன. ஒன்று, பானத்தை மருந்தாக்கிப் பேசுவது. மற்றொன்று, குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே இறக்கி, அளவு பார்க்காமல் செய்வது.

மருந்துப் பேச்சுக்கு நூறாண்டு வயது. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகோவ் 1908இல் நோபல் பரிசு பெற்றார். அது நோய் எதிர்ப்பு குறித்த ஆய்வுக்கு. ஊரெங்கும் அவர் பெயர் பரவியதோ வேறொன்றுக்காக. பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்று எழுதினார். ஐரோப்பாவில் மருந்துக் கடைகள் புளித்த பால் விற்கத் தொடங்கின. மெச்னிகோவ் தாமும் தவறாமல் அதைக் குடித்தார். 1916இல், 71ஆம் வயதில் காலமானார். அந்தக் காலத்துக்கு அது நல்ல வயதுதான், ஆனால் பல்கேரியக் கிழவர்களைப் பற்றிச் சொன்ன வயதல்ல.

அவருக்குப் பின் வந்தவர்கள் வேலையை இன்னும் நிதானமாகச் செய்தார்கள். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930இல் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா வகையைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935இல் யாகுல்ட் பிறந்தது. இந்தியாவில் இப்போது விற்கும் 65 மில்லி புட்டியில் அதே வகை 650 கோடி இருப்பதாக நிறுவனம் எண்ணிக் கணக்குச் சொல்கிறது. கொல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் 1 முதல் 5 வயது வரையிலான 3,758 குழந்தைகளிடம் அந்தப் பானத்தைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான பானம், பாதிப் பேருக்குச் சுவையில் வித்தியாசம் தெரியாத வெறும் பானம். பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். பெரிய எண் இல்லை. ஆனால் எண் இருக்கிறது.

இதைவிட அழுத்தமான உதாரணம் ஒடிசாவிலிருந்து வந்தது. அங்கே கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளங்குழந்தைகளைக் கொண்டு பினாகி பாணிகிராஹி குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டேரம் என்ற பாக்டீரியாவின் ஒரே ஒரு வகையை, அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்த்து, ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் மரணமும் சேர்ந்த விகிதம், மருந்தில்லாத பொடி பெற்ற குழந்தைகளில் 9 சதவீதம், இவர்களில் 5.4. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. பிளாண்டேரம் இனம் ஊறுகாயிலும் புளித்த காய்கறிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிற ஒன்றுதான். ஆனால் அந்தக் குழு நூற்றுக்கணக்கான வகைகளைச் சலித்து, குடலில் தங்குகிற ஒன்றைக் கண்டுபிடித்தபிறகே குழந்தையின் வாயருகே கொண்டுபோனது. ஊறுகாய் ஜாடியில் இருப்பது அந்த வகையா, வேறொன்றா என்று ஜாடியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

வீட்டுக் கொம்புச்சாவுக்கும் நீராகாரத்துக்கும் இதே நிலைதான். இன்ன வகை, இத்தனை எண்ணிக்கை, இன்ன பலன் நிரூபணமானது என்ற மூன்றும் தெரிந்தால்தான் புரோபயாட்டிக் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இலேயே வகுத்துவிட்டன. அந்தத் துறை விஞ்ஞானிகளின் பன்னாட்டுச் சங்கம் 2021இல், புளித்த உணவு வேறு, புரோபயாட்டிக் வேறு என்று தனியாக ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. இட்லி மாவு அருமையாகப் புளிக்கிறது. ஆனால் ஆவியில் வெந்து இறங்கும்போது மாவைப் பொங்கவைத்த பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதில்லை. இட்லி எளிதில் செரிப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதையும் புரோபயாட்டிக் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இட்லிப் பானையின் சூட்டை மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக, வீட்டுப் பானத்தில் ஒன்றுமே இல்லை என்று கையை உதறவும் முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும், மறுபாதிக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, காய்கறி ஊறிய உப்புநீர், கொம்புச்சா போன்றவையும் பத்து வாரம் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவினரின் குடலில் நுண்ணுயிரிகளின் வகைகள் பெருகின; அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. 2021இல் ‘செல்’ இதழில் வந்த ஆய்வு இது. சிறிய ஆய்வு, அவர்கள் சாப்பிட்டதும் நாளுக்கு ஆறு வேளை அளவு. ஆனாலும் இது ஒரு நல்ல திசையைக் காட்டுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றைக் கொடுத்து ஆராயும் முயற்சியையும் இந்த வரிசையில் வைக்கலாம். செய்ய வேண்டிய வேலை அதுதான்: கொடுத்துப் பார்ப்பது, எண்ணிப் பார்ப்பது.

எண்ணாமல் பரப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சோறே சாட்சி. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து, 12 மணி நேரம் ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறது என்ற கணக்கு வாட்ஸ்அப்பிலும் மேடைகளிலும் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவும் இரும்பை உற்பத்தி செய்யாது. தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளைப் புளிப்பு உடைப்பதால், ஏற்கெனவே இருக்கிற இரும்பு உடம்பில் எளிதாகச் சேரக்கூடும். அது உண்மை, அதுவே போதுமான பெருமை. இருபது மடங்கு பெருகியது என்றால் ஒன்று அளவையில் பிழை, அல்லது இரும்பு பாத்திரத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்திருக்கிறது. ரத்தசோகை உள்ள கர்ப்பிணி இந்தக் கணக்கை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பழியை யார் சுமப்பது?

அடுத்தது பாதுகாப்பு. 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தினமும் வீட்டுக் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்கள், ரத்தத்தில் அமிலம் கூடிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். பானம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், உடல்நலம் உள்ளவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 120 மில்லி அளவில் குடிப்பதால் கெடுதல் வர வாய்ப்பில்லை என்றும், அதிகம் குடிப்பதும் ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் குடிப்பதும் எப்படி என்று தெரியாது என்றும் எழுதிவைத்தது. 1998இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வேறொரு கதை வந்தது. பீங்கான் பாத்திரத்தில் கொம்புச்சா ஊறவைத்துக் குடித்தவர்களுக்குக் காரீய நச்சு ஏறியிருந்தது. புளிப்பு, பாத்திரத்தின் பளபளப்புப் பூச்சிலிருந்த காரீயத்தைக் கரைத்துவிட்டது. பித்தளையில் புளிப்பு நின்றால் களிம்பு ஏறும் என்று தெரிந்துவைத்திருக்கும் தமிழ்ச் சமையலறை, அலங்காரப் பீங்கான் ஜாடியையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. கண்ணாடி போதும்.

2010இல் அமெரிக்காவின் பெரிய கடைகள் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து எடுத்த கதை வேறு மாதிரி. புட்டியில் அடைத்தபிறகும் பானம் புளித்துக்கொண்டே இருந்து, சாராய அளவு அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் 0.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஏன் தாண்டியது என்பதில் இந்தப் பானத்தின் இயக்கமே அடங்கியிருக்கிறது. ஜாடியில் இரண்டு கூட்டத்தார் வேலை செய்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் விடுகிறது. அசிட்டிக் பாக்டீரியா அந்தச் சாராயத்தைக் காற்றின் துணையோடு அமிலமாக்குகிறது. அதனால்தான் ஜாடியின் வாயை மூடியால் அடைக்காமல் துணியால் கட்டுகிறார்கள். புட்டியில் ஊற்றி இறுக மூடியதும் காற்று நின்றுபோகிறது, பாக்டீரியா சோர்கிறது, ஈஸ்ட் சோர்வதில்லை. சாராயமும் ஏறும், வாயுவும் ஏறும். மே மாதச் சென்னையில் வீட்டில் புளிக்கவைத்த இஞ்சி சோடா ஊற்றிய கண்ணாடிப் புட்டியை மறந்துவிட்டால் வெடிக்கும். முதலில் பழகுகிறவர்கள் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றினால், விரலால் அழுத்திப் பார்த்து, கல்லாக இறுகியதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம்.

வெயில் விஷயத்துக்கு வந்தாயிற்று. வீடியோக்களிலும் புத்தகங்களிலும் உள்ள கொம்புச்சாச் செய்முறை 7 முதல் 14 நாள் என்று சொல்கிறது. எழுதியவர் வீட்டில் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரையில் சென்னைச் சமையலறையில் பகலில் 34 டிகிரிக்குக் குறையாது. அங்கே ஒரு வாரத்தில் வருகிற புளிப்பு இங்கே நாலைந்து நாளில் வந்துவிடும்; பதினான்காம் நாள் மிஞ்சுவது வினிகர். அதே மாதத்தில் ஊட்டியில் வேறு கணக்கு. நாட்காட்டித் தாளைக் கிழிப்பதுபோல நாளை எண்ணுவதால் பயனில்லை. புளிப்பைத்தான் அளக்க வேண்டும்.

புளிப்பை அளக்க நாக்கு உதவும், ஆனால் போதாது. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்தால் போதும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6க்குக் கீழே போனால் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சைத் தரும் கிருமி வளராது. கொம்புச்சா 4.2க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், 2.5க்கும் கீழே போனால் தண்ணீர் கலக்காமல் குடிக்கக் கூடாது. ஒரு லிட்டர் டீக்கு 70 கிராம் அளவில் சர்க்கரை போட்டு, ஆறியபிறகு முந்தைய ஜாடியின் புளித்த கொம்புச்சாவை 100 மில்லிக்குக் குறையாமல் ஊற்றுவது சடங்குக்கு அல்ல. முதல் நாளிலேயே புளிப்பை ஏற்றி, வேண்டாத கிருமியை வாசலில் நிறுத்துவதற்கு. ஸ்கோபி வட்டை மட்டும் கூரியரில் அனுப்பி, புளித்த நீரை அனுப்பாத வியாபாரி பாதிப் பொருளைத்தான் விற்கிறார்.

காஞ்சியில் அந்தக் காவல் வேலையை உப்பு செய்கிறது. லிட்டருக்கு 20 கிராம், அதாவது இரண்டு சதவீதம். ரத்தக் கொதிப்புக்குப் பயந்து உப்பைக் குறைத்தால் முதல் இரண்டு நாளில் கெட்ட கூட்டம் முந்திக்கொள்ளும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைப்பதைவிடப் பானத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். காய் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். மேலே சுருக்கம் விழுந்த வெள்ளை ஏடு படர்வது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட்தான், எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, பஞ்சு போன்ற பூசணம் என்றால் ஜாடியோடு கொட்டிவிட வேண்டும். மேலே மட்டும் வழித்துவிட்டு மீதியைக் குடிப்பது சிக்கனம் ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நல்ல பாக்டீரியாவையும் அடக்கிவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரே எல்லாவற்றுக்கும் மேல்.

நீராகாரத்துக்கு உப்பும் இல்லை, பழைய புளிப்பும் இல்லை. அங்கே காவல் நேரம்தான். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும் சோற்றில் முளைத்து, வாந்தி உண்டாக்கும் நச்சைக் கக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. ஆகவே மதியம் வடித்த சோற்றை இரவு வரை மூடிவைத்து, பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. வடித்த சோறு ஆறியதும் சுத்தமான தண்ணீரை முழுக ஊற்றி, மண்சட்டியில் வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துத் தீர்த்துவிட வேண்டும். ஓர் இரவில் அதில் ஏறும் புளிப்பு லேசானது. இரண்டு நாள் வைத்துக் குடிக்கும் பானமல்ல அது. வயலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் குடித்துவிட்டுக் கிளம்பியதில் நல்ல கணக்கு இருந்தது.

சர்க்கரை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. கொம்புச்சாவில் போட்ட சர்க்கரை முழுவதையும் நுண்ணுயிரிகள் தின்றுவிடும் என்பது ஆறுதல் பேச்சு. குடிக்க ருசியாக இருக்கும் கட்டத்தில் கணிசமான பங்கு மிச்சம் இருக்கும். பழச்சாறு ஊற்றி இரண்டாம் முறை புளிக்கவைத்தால் இன்னும் கூடும். நீர்மோரில் அந்தக் கவலை கிடையாது. விலையிலும் நீர்மோர் பக்கத்தில் வர எதுவும் இல்லை. ஒரு புட்டி கொம்புச்சாவின் காசுக்கு ஒரு வீட்டின் பல நாள் மோர் கிடைக்கும். மோருக்கு விளம்பரம் மட்டும்தான் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும், கைக்குழந்தைகளும் வீட்டில் புளித்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குடலுக்கு நல்லது என்று சீட்டு ஒட்டுகிற எவரும் இந்த வரியைச் சேர்ப்பதில்லை.

தென்கொரிய அரசு கிம்ச்சிக்கென்றே குவாங்ஜு நகரில் 2010இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. முட்டைக்கோஸ் ஊறவைப்பதற்கு ஒரு நிறுவனமா என்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. தமிழ்நாட்டில் புதிதாகக் கட்டடம் எழுப்பக்கூட வேண்டாம். மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஊறுகாய், ஜாம், பழரசம் செய்ய மகளிருக்குப் பயிற்சி கொடுத்து வருகின்றன. நீராகாரம், கூழ், நீர்மோர், காஞ்சி, கொம்புச்சா ஐந்துக்கும் இவை சேர்ந்து ஓர் அட்டவணை போடலாம். சென்னையின் மே மாதத்துக்கு எத்தனை மணி நேரம், ஊட்டியின் டிசம்பருக்கு எத்தனை, எவ்வளவு உப்பு, எந்த பி.எச். எண்ணில் நிறுத்துவது, ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும். ஒரே தாளில் அடங்குகிற விஷயம்.

வீட்டில் செய்து அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்கியிருக்கும் பெண்களுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் அந்தத் தாள் இன்னும் அவசியம். உணவுப் பாதுகாப்புத் துறை அவர்களிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்பதோடு நின்றுவிடாமல், புட்டியின் மேல் மூன்று எண்களைக் கேட்கட்டும்: செய்த தேதி, பி.எச். அளவு, ஒரு டம்ளரில் மிச்சமிருக்கும் சர்க்கரை. நோய் தீர்க்கும் என்ற வாசகம் இருந்தால் சிறு வியாபாரியோ பெரிய நிறுவனமோ, புட்டியைத் திருப்பி அனுப்பட்டும். சித்திரைக்கு முன் அந்த அட்டவணை தயாரானால், அதை அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது.